பத்தாவது அத்தியாயம்

இதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கப் போகிறவருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகவே எழுதுகிறேன், ஐயா. நான் படித்ததெல்லாம் மொழிபெயர்ப்புகள்தான். பனி பெய்யும் ஊர்களையும் நீண்ட கோட்டு போட்ட மனிதர்களையும் மாத்தளைக் கடைவீதியில் உட்கார்ந்தபடியே பார்த்தவன் நான். மொழிபெயர்க்கிறவர்கள் மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

பெயர் நுஹ்மான். வயது இருபத்து மூன்று. ஸக்கரியா ஹாஜியாரின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற வாசிகசாலையை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கதைப் புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்கு அலுமாரியைக் காட்டிவிடுவேன். தத்துவம் கேட்டு வருகிறவர்களை மட்டும் எதிரே உட்காரவைத்து, எதை நினைத்தால் தூக்கம் போகிறது என்று கேட்பேன். கேட்டுவிட்டு, அவருக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடி எடுத்து, ஒரு சீட்டில் அவர் பெயரை எழுதி உள்ளே வைத்துக் கொடுப்பேன். என் தேர்வு தவறியதில்லை.

தபால் கந்தோரில் வேலை செய்யும் யஹ்யா நானா என்னை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார். "டொக்டர், வாப்பா மௌத்தானதிலேர்ந்து எனக்கு எதிலயும் பிடிப்பில்ல. கசக்காத மருந்தாப் பார்த்துக் குடுங்க" என்று வந்தார். கொடுத்தேன். பத்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்.

"மனசு லேசாப் போச்சு நுஹ்மான். இனி எனக்குப் புத்தகமே வேணாம். நீயும் இந்த மாடியில கெடந்து பூஞ்சணம் புடிக்காம ஒரு கலியாணத்தப் பண்ணு."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். பிறகு வரவில்லை. பொருத்தமான புத்தகம் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. பின்னேரம் மூன்று மணிக்குக் கடைவீதி ஓய்ந்துவிடும். மாடியில் தனியாக இருக்கும்போது, ஒருநாள் நான் இருக்கமாட்டேன் என்ற நினைப்பு வரும். கால்விரலில் குளிராகத் தொடங்கி நெஞ்சுவரை ஏறும். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பேன். எதிரே இன்னொரு பயந்தவர் உட்கார்ந்திருந்தால் மட்டும் அது வராது. பலமுறை கவனித்திருக்கிறேன்.

புத்தகம் கட்டுவது எனக்குத் தெரியும். தையலைப் பிரித்து, கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டு, பருமன் குறையாதபடி வெறுந்தாள் வைத்து மறுபடி தைக்க ஒரு காலைப்பொழுது போதும். தத்துவப் புத்தகங்களில் அநேகமானவை முதலில் ஆளைப் பயப்படுத்தும். கடைசியில்தான் கையைப் பிடித்துக்கொள்ளும். பயப்படுத்தும் பகுதிகளில் நான் ஒரு வரியைக்கூடத் தொட்டதில்லை.

எடுத்தவற்றை எரிக்கவுமில்லை. என் மேசைக்குக் கீழே பிஸ்கட் தகரத்தில் இருக்கின்றன. பதினொரு அத்தியாயங்கள். நீங்கள் ஒன்றைப் பற்றித்தான் கேட்டீர்கள்.

செல்லச்சாமி மாஸ்டர் பலாபத்வலப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மே மாதம் ஒரு சனிக்கிழமை வந்தார். மகள் காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

"அஞ்சு வயசுப் புள்ளைங்க தம்பி. அது என்னா பண்ணிச்சி? இதுக்கு யாராச்சும், எந்த நாட்டுக்காரனாச்சும், பதில் எழுதியிருக்கானா?"

எழுதியிருந்தான். புத்தகத்தின் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. பத்து அத்தியாயங்கள். முதல் ஒன்பதும் மனிதன் சாய்ந்துகொள்ளும் ஒவ்வொரு சுவராக இடித்துக்கொண்டே போகும். பத்தாவது, பிள்ளையைப் புதைத்த ஒரு தகப்பனுக்கு எழுதிய கடிதம். அவருக்காகவே எழுதியது போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை வாருங்கள், வேறொருவரிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். புத்தகம் அலுமாரியில்தான் இருந்தது. எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டியிருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். இரண்டரை மணி பஸ்ஸில் இறங்கி, மூன்று மணிக்கு என் எதிரே உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு வாரம் மெலிந்தார். எனக்கு அந்தச் சனிக்கிழமைகளில் குளிர் வரவேயில்லை.

நான்காம் வாரம் கேட்டார். "தம்பி, இதுக்கு மேல இல்லீங்களா?"

"அவ்வளவுதான் மாஸ்டர்."

"எல்லாத்தயும் ஒடச்சிப் போட்டுட்டு இப்பிடியா வுட்டுட்டுப் போவான் மனுசன்? பின்னால வெறுந்தாளு வேற கெடக்கு."

"அது நீங்க எழுதுறதுக்கு."

"நல்ல ஆளுங்க அவன். எங்க பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு மாதிரி, வேலைய நம்ம தலையில கட்டிட்டாரு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எனக்குக் கொஞ்சம் பதற்றமாக இருந்தது. குணமாகிவிடுவாரோ என்று நினைத்தேன்.

ஏழாம் சனிக்கிழமை வரவில்லை. சுதுகங்கை ஆற்றில் அவருடைய உடலைக் கண்டெடுத்ததை அடுத்த வாரம் கடையில் பேசிக்கொண்டார்கள்.

புத்தகத்தை அவருடைய மனைவி வேலம்மா கொண்டுவந்தார். துவாயில் சுற்றியிருந்தது. "எரவல் பொருள் வூட்டுல தங்கக்கூடாதுன்னு சொல்லுவாரு" என்றார். பிறகு, "கடசில அவரு என்னமோ எழுதியிருக்காரு. எனக்கு வாசிக்கத் தெரியாது. சொல்லுங்க தம்பி" என்றார்.

வெறுந்தாள்கள் நிறைந்திருந்தன. ஆறு தாள்களில் மகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். தொடங்குவதும் அடிப்பதுமாக இருந்தது. இரண்டு இடங்களில் அந்தப் பத்தாவது அத்தியாயத்துக்கு மிகவும் கிட்ட வந்திருந்தார். ஒரு வாசகனாக எனக்கு வியப்பாக இருந்தது. கடைசித் தாளில் ஒரே வரி: "தம்பி சொன்ன மாதிரி அவ்வளவுதான் போலிருக்கிறது."

"உங்களைத் தைரியமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் முதுகை விரித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துத்தான் தெரியாது தம்பி. நூலு தெரியும். கொழுந்துச் சாக்கு தைக்கிறவ நான். இம்புட்டுப் பழைய புத்தகத்துல இது மட்டும் எப்பிடி வெள்ள நூலு? எதப் புடுங்கிட்டுத் தைச்சீங்க?"

அவர் புத்தகத்தை மறுபடி துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராகப் பொலிஸுக்கு, உங்களிடம் வந்தார்.

மாஸ்டரைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் வந்துகொண்டே இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். பத்தாவது அத்தியாயத்தைப் படித்திருந்தால் பிழைத்திருப்பார். அது எனக்குப் படிக்கும்போதே தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். மற்றப் பத்துப் பேரின் பெயர்களும் தகரத்தில் அத்தியாயங்களோடு வைத்த சீட்டுகளில் இருக்கின்றன. அவர்களை நீங்கள் சீக்கிரம் போய்ப் பார்ப்பது நல்லது. இருவர் சில வாரங்களாக வரவில்லை.

வேலம்மா காலையிலிருந்து வெளி விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொலிஸ்காரர் சொன்னார். எடுத்த தாள்களை யாராவது தனக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று கேட்கிறாராம். ஐயா, தகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் என்னிடம் தந்துவிடுங்கள். இந்த அறையில் என்னைத் தனியாக வைத்திருக்கிறீர்கள், மூன்று மணி ஆகப்போகிறது. அவரிடம், புத்தகம் அவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள்.