எதிரெதிர் ஜன்னல்கள்

எனக்குப் பேருந்து தாமதமாக வருவது பிடிக்காது. வராது என்று சொல்லிவிட்டால் நடந்தே போய்விடுவேன். வரும், ஆனால் எப்போது என்று தெரியாது என்றால்தான் உடம்பெல்லாம் பரபரக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

என் பெயர் ரசியா. என் கணவர் ஹைருதீன் இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தூசி நுரையீரலில் படிந்து, ஓய்வு பெறுவதற்குள் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. இன்னும் எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. இந்தக் குளிர்காலத்தையே தாண்டாம போகலாம். பத்து வருஷம் இருந்தாலும் இருப்பார்," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் முழுதாக நடக்கவில்லை. இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடும் பீட்டா செய்ய மாவை மேசை முழுக்க மெல்லிசாக இழுத்திருப்பேன். உள்ளே இருமல் கேட்கும். போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் மாவு காய்ந்து கிடக்கும். ஆஸ்பத்திரிப் பை எப்போதும் வாசலில். அக்கா மகள் கல்யாணத்துக்கு என்று துணி எடுத்தேன், போகவில்லை. இரண்டு முறை அவர் முகம் நீலம் பாரித்து, சொந்தபந்தமெல்லாம் அழுதுகொண்டு வந்துவிட்டது. இரண்டு முறையும் மறுநாள் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். "ஹைரு அண்ணே, அடுத்த தடவை நிஜமாப் போறதுன்னா மட்டும் சொல்லி அனுப்புங்க, லீவு போட்டுட்டு வரேன்," என்றான் பக்கத்து வீட்டு முயோ. அவர் இருமல் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் உள்ளுக்குள் எவ்வளவு தவித்தார் என்பது எனக்குத்தான் தெரியும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். இருமல் அடங்கியதும் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார். நான் கதவருகே நின்று, மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். மோசமான நாட்களைக்கூடச் சமாளித்துவிடலாம், அன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். நல்ல நாட்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த மதியம் நல்ல நாள். பனி உருக ஆரம்பித்திருந்தது. நாத்தனார் ஃபாதிலா வந்தாள். "என்ன அண்ணி, வீடு இப்படிப் புழுங்குது? காத்து வரட்டும்னு டாக்டரே சொன்னாரில்ல?" என்று சமையலறை ஜன்னலையும் அவர் அறை ஜன்னலையும் ஒன்றாகத் திறந்துவிட்டாள். எங்களில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். எதிரெதிர் ஜன்னல் வழியே ஊடுருவிப் போகும் காற்றை ப்ரோமாயா என்போம். கழுத்துப் பிடித்தாலும் பல் வலித்தாலும் பழி அதன்மேல்தான். வியர்த்த குழந்தையை அதில் நிற்கவே விடமாட்டோம்.

"மூடுடி, அவருக்கு ஆகாது," என்றேன்.

"விடு ரசியா, நல்லா இருக்கு," என்றார் அவர். இரண்டு தட்டு சாப்பிட்டார். "வசந்தம் வரட்டும், ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறேன். தூண்டிலைத் தேடி வை." தங்கைக்காரி கை தட்டினாள்.

இன்னும் ஒரு வசந்தம். அப்புறம் ஒரு குளிர்காலம். தட்டுகளைக் கழுவிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன், முடிவு எங்கே என்றே தெரியவில்லை.

ஃபாதிலா கிளம்பினாள். ஜன்னல்களை மூடினேன். கொஞ்ச நேரத்தில் இருமல் ஆரம்பித்தது, மூச்சும் இழுத்தது. வழக்கமானதுதான். "மெஷினைப் போடு," என்றார். ஆக்சிஜன் மெஷினின் ப்ளக் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, "கரண்ட் போயிடுச்சு," என்றேன். ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்காதபடி சமையலறைக் கதவைச் சாத்தினேன். "பயப்படாதே, வந்துடும்," என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

அடக்கத்துக்குப் பிறகு பெண்கள் வீட்டில் கூடி ஓதினோம். ஜன்னல் திறந்திருந்ததா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. மிச்சத்தை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "ப்ரோமாயாவுலயா உக்கார வெச்சா? கூடப் பொறந்தவளே இப்படிப் பண்ணுவாளா?" ஃபாதிலா தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணனை நான்தான் கொன்னுட்டேன், அண்ணி," என்று என் மடியில் விழுந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கோடையிலும் அவள் வீட்டு ஜன்னல் திறப்பதில்லையாம், சாப்பாடு இறங்குவதில்லையாம். பாவம்தான். ஆனால் நடந்தது இன்னதென்று அவளுக்காவது ஒரு நிச்சயம் இருக்கிறது.

எனக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. மெஷினைத் திரும்ப எடுத்துப்போக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் அதை ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே ஓடுது?" என்றார். "அன்னைக்குக் கரண்ட் இல்லை," என்றேன். "அன்னைக்கா?" என்று ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். அவருக்குப் புரிந்ததா? யாரிடமாவது சொன்னாரா? படியில் காலடி கேட்டாலே எழுந்துபோய்க் கதவருகே நிற்கிறேன். அதனால்தான் நானே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். எத்தனை வருஷம் என்று யாராவது சொன்னால் போதும். ஃபாதிலாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வேதனைப்பட்டாரா என்று கேட்டீர்கள். இல்லை. கொஞ்ச நேரம் பொறுமையாகத்தான் காத்திருந்தார். பிறகு மாடி வீட்டில் துணி துவைக்கும் மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது. "மேல ஓடுதே, ரசியா," என்றார். என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத் தவிப்பும் போய் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அடுத்து என்ன என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. நிம்மதியாகத்தான் போனார், ஐயா. ப்ளக் இருந்த பக்கம் திரும்பிவிடாமல் இருக்க, அவருடைய இரண்டு கைகளையும் நான் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.