பன்னெண்டாம் நாளு

இன்னும் அவுத்து உடாதீங்க உமர் பாய். சித்த நேரம் ரெண்டு நாயும் மோந்து பாத்துக்கட்டும். போன தடவ வந்த ஒடனே உட்டுப்போட்டோம், இவ உங்க டைகரோட காதக் கடிச்சுப்போட்டா. மல்லி மேல தப்பில்லீங்க. நாந்தான் அவசரப்பட்டு ஏழாம் நாளே கொண்டாந்துட்டேன்.

தண்ணியா? குடுங்க. வெடியால ஆறு மணிக்குப் பெரியநாயக்கன்பாளையத்துல வண்டி எடுத்தது. வழியில இவ ரெண்டு வாட்டி வாந்தி. பெருந்துறை வந்து சேர்றதுக்குள்ள இடுப்பு உட்டுப்போச்சு.

இவளுக்கு ரத்தம் பட ஆரம்பிச்சு இன்னைக்கு பன்னெண்டாம் நாளுங்க. நல்லாத் தெரியும். தெனமும் காலைல வெள்ளத் துணியில தொடச்சுப் பாத்து காலண்டர்ல குறிச்சுக்கறேன். மொத வாரம் நல்ல செவப்பு. ஒம்பதாம் நாளு வெளுக்க ஆரம்பிச்சுது. நேத்து பாத்தா கறி கழுவுன தண்ணியாட்ட இருக்குது. இடுப்புல கை வச்சா வால ஒரு பக்கமா ஒதுக்கறா. டாக்டரம்மாவும் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, இன்னைக்கு ஒருக்கா, நாளன்னைக்கு ஒருக்கா சேத்தலாம்னு சொல்லிப்போட்டாங்க.

போன தடவைக்கு முந்துன தடவையா? அது வேற கூத்துங்க. இவ சுத்தக்காரி, ஒரு சொட்டு கீழ உழுவ உடாம நக்கிப்போடுவா. நான் பாத்த அன்னைக்கே மொத நாளுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள எத்தன நாள் போயிருந்துதோ! இங்க வந்தா டைகர் திரும்பிக்கூடப் பாக்கல. மறுக்கா ரத்தம் படறதுக்கு ஏழு மாசம் காத்துக் கெடந்தனுங்க. எல்லாரும் ஆறு மாசம்பாங்க, இவளுக்கு ஏழு.

இல்லீங்க, முன்ன எனக்கு இதொண்ணும் தெரியாது. ராமுலு லேத்துப் பட்டறைன்னு கேட்டீங்கன்னா எங்கூர்ல வழி சொல்லுவாங்க. இரும்புதான் எனக்குத் தெரியும். நாய் சமாச்சாரம் பூராவும் மக தேஜஸ்ரீதான். காலேஜ் பையில வச்சு குட்டியாக் கொண்டாந்தவளும் அவதான். நாள எண்ணறது, மூணு வாரம் உள்ளயே வச்சுக்கறது, வாசக் கேட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்கற நாய்ங்களத் தொரத்தறது, அத்தனையும் அவ பாத்துக்குவா.

இவளுக்கு அஞ்சு வயசு முடியப்போவுதுங்க. இனியும் தள்ளுனா தலையீத்து தாங்காது, கர்ப்பப்பைய எடுத்துரலாம்னு டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிப்போட்டாங்க. இந்தத் தடவ இல்லீன்னா அவ்வளவுதான்.

விக்கறதுக்கா? அட இல்லீங்க பாய். எத்தன போட்டாலும் நீங்களே எடுத்துக்குங்க. ஒரே ஒரு பொட்டக்குட்டி எனக்கு உட்ருங்க, போதும்.

மகளுக்குத்தானுங்க. காந்திபுரத்துக்குப் பக்கத்துல வாடகைக்கு இருக்கறா. கௌதமன்னு, கூடப் படிச்ச பையன். அவங்க வேற ஆளுங்க. அந்தப் பையனோட அப்பா என்ற பட்டறையிலயே பத்து வருசம் வேல செஞ்சவரு. ரெண்டு வருசம் முந்தி, கல்யாணம் முடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வாசல்ல வந்து நின்னாங்க. படியேறாதேன்னேன். ஏறல. அழுவக்கூட இல்லீங்க. மல்லிய மட்டும் கூட்டிக்கிட்டுப் போறேன்னா. நான் உடுவனா? என்ற சோத்தத் தின்னு வளந்த நாயின்னு இழுத்துக்கிட்டுப் போயி உள்ள போட்டுக் கதவச் சாத்திப்போட்டேன். அவ தெரு முக்கு திரும்பற வரைக்கும் இவ உள்ள இருந்து கதவப் பறண்டுனா.

இப்ப மல்லியவே கொண்டுபோயி உடலாமேங்கறீங்க. அதையும் ரோசன பண்ணாம இல்லீங்க. எங்கூட்டுக்காரி கனகத்துக்கு இப்பப் பேச்சுத்தொணைக்கு இவ ஒருத்திதான். என்னோட அவ பேசி ரெண்டு வருசமாச்சு. இவளயும் எடுத்துக் குடுத்துட்டு அந்த ஊட்டுல நான் எப்படிங்க இருக்கறது?

வெறுங்கையோட போயி நிக்கவும் ஆவலீங்க. அதான் இந்த அலைச்சல். என்னைய உள்ள வாங்கன்னு சொல்லுவாளோ என்னமோ தெரியாது. குட்டிய வாங்கிக்குவா.