ஏழாம் மேசைக்காரியின் அழைப்பு

ஏழு: ...அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்.

அக்கா: சும்மா கூப்பிடற ஆளா நீ? கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்பவே இடம், நேரம் ரெண்டையும் சொல்லிட்டு டக்குனு வச்சவ.

ஏழு: படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு. கூரையில எத்தனை விரிசல்னு எண்ணி முடிச்சிட்டேன்.

அக்கா: எத்தனை?

ஏழு: பதினொண்ணு. நேத்து பன்னண்டு. ஒண்ணு பல்லி.

அக்கா: நீ அங்க பல்லி எண்ணு. இங்க உன் நாற்காலியில புதுசா ஒரு பொண்ணை உக்கார வச்சிருக்காங்க. ஆம்புலன்ஸ் கேட்டு யாராவது அழுதுகிட்டே கூப்பிட்டா, இதுவும் கூடச் சேர்ந்து அழுவுது.

ஏழு: என் மேசையிலயா?

அக்கா: உன் பேரா எழுதியிருக்கு? ஏழாம் மேசைன்னு நம்பர்தானே இருக்கு. நாலு வருஷமா ஏழு, ஏழுன்னே கூப்பிட்டு, உன் நிஜப் பேரு எனக்கு யோசிச்சாத்தான் வருது.

ஏழு: பரவால்ல. எனக்கே இப்பல்லாம் அப்படித்தான். ஆஸ்பத்திரியில பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, யாரையோ கூப்பிடறாங்கன்னு உக்காந்திருக்கேன்.

அக்கா: நல்லா இருக்கு.

ஏழு: அக்கா... இன்னைக்கு வண்டி எத்தனை வெளியில இருக்கு?

அக்கா: ஏன் கேக்கற?

ஏழு: சும்மா.

அக்கா: ரெண்டாவது சும்மா.

ஏழு: சொல்லுங்களேன்.

அக்கா: மொத்தம் ஒம்போது. ஆறு வெளியில. ஒண்ணுக்கு பிரேக் சரியில்ல. ரெண்டு சும்மா நிக்குது, உன்னை மாதிரி.

ஏழு: ரெண்டுதானா...

அக்கா: இரு, டீ வந்திருக்கு. ஒரு நிமிஷம். வச்சிடாத.

ஏழு: ம்.

அக்கா: ...சொல்லு. வந்துட்டேன்.

ஏழு: பதினொரு மணிக்குத்தானே டீ வரும்? இப்ப பத்துகூட ஆகலையே.

அக்கா: நீ லீவு போட்டப்புறம் இங்க எல்லாம் மாறிப்போச்சு. டீயில சர்க்கரையும் குறைஞ்சுபோச்சு. சரி, உன் டாக்டரம்மா என்ன சொன்னாங்க? அந்த நஞ்சுக்கொடி மேல ஏறிச்சா இல்லையா?

ஏழு: ஏறல.

அக்கா: கொஞ்சம்கூடவா?

ஏழு: அதே இடம்தான். குழந்தை வெளிய வர்ற வழியிலயே குறுக்க உக்காந்திருக்கு. நஞ்சுக்கொடி மேல இருக்கணுமாம், எனக்குக் கீழ. கதவுக்குக் குறுக்க பீரோவைப் போட்ட மாதிரின்னு படம் போட்டுக் காட்டினாங்க.

அக்கா: பீரோவைப் போட்டது யாரு?

ஏழு: அதையேதான் எங்க மாமியாரும் கேட்டாங்க. நான் ஏதோ குனிஞ்சு தூக்கினதால இறங்கிடுச்சாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க, யாரும் ஒண்ணும் செய்யல, அது ஒட்டின இடமே அதுதான்னு.

அக்கா: அஞ்சாம் மாசம் என்னவோ சொன்னாங்களே, தானா நகரும்னு.

ஏழு: பத்துல ஒம்போது பேருக்கு நகருமாம்.

அக்கா: உனக்கு நகரலயாக்கும். பஸ்லயும் நீ ஏறினாத்தான் நிக்க வேண்டியிருக்கும்.

ஏழு: மேல் வீட்டுக்காரம்மா, காலைத் தலகாணிமேல தூக்கி வச்சுப் படு, மேல ஏறிடும்னாங்க. நானும் வச்சுப் பார்த்தேன். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

அக்கா: ஆபரேஷன் தேதி?

ஏழு: முப்பத்தேழாவது வாரம். அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும். இப்ப முப்பத்திமூணு.

அக்கா: நாலு வாரம். கண்ணை மூடித் திறந்தா போயிடும்.

ஏழு: கண்ணை மூடித் திறந்துகிட்டேதான் இருக்கேன். செவ்வாக்கிழமையே தாண்டல.

அக்கா: உன் வீட்டுக்காரர் எங்க?

ஏழு: ஆலைக்கு. மெஷின்கிட்ட போனை விடமாட்டாங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலதான் எடுப்பார்.

அக்கா: மாமியார்?

ஏழு: பல் பிடுங்கப் போயிருக்காங்க. தனியாத்தான் இருக்கேன். நிம்மதியா இருக்கு.

அக்கா: ஜன்னல், கதவெல்லாம் திறந்து வச்சிருக்கியா, இல்ல புழுங்கிக்கிட்டுக் கிடக்கியா?

ஏழு: வாசக்கதவு திறந்துதான் இருக்கு... அக்கா.

அக்கா: ம்.

ஏழு: அது ஆறாவது கேள்வி.

அக்கா: எது?

ஏழு: கூட யாரு இருக்காங்க, அது நாலாவது. எத்தனாவது வாரம், அஞ்சாவது. கதவு பூட்டியிருக்கா, ஆறாவது. அந்தப் பட்டியலை எனக்கு மனப்பாடம் பண்ண வச்சதே நீங்கதான்.

அக்கா: வேலைப் புத்தி. வீட்டுல என் புருஷன் இருமினாலும் எத்தனை நாளான்னுதான் முதல்ல கேக்கறேன்.

ஏழு: ஏழாவதையும் கேட்டுடுங்க.

அக்கா: கேக்கட்டுமா?

ஏழு: ...கொஞ்சம் ரத்தம் பட்டுச்சு. அவ்வளவுதான்.

அக்கா: எவ்வளவு?

ஏழு: சொட்டு.

அக்கா: எத்தனை சொட்டு?

ஏழு: அதையெல்லாம் யாராவது எண்ணுவாங்களா?

அக்கா: பல்லியை எண்ணினவ நீ. வலி இருக்கா?

ஏழு: இல்ல. வலியே இல்ல. அதான் விநோதமா இருக்கு. வலி இல்லாம வரும்போது, அது என்னோடது இல்ல, யாருதோன்னு தோணுது. பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகற மாதிரி.

அக்கா: இடது பக்கமாத் திரும்பிப் படு.

ஏழு: அப்படித்தான் இருக்கேன்.

அக்கா: சொட்டுன்னாலும் வரணும்னு எழுதிக் கொடுத்திருக்காங்களா, இல்லையா?

ஏழு: எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒரு துளி பட்டாலும் உடனே வரணும், கை வச்சுப் பாக்கக் கூடாது, நடக்கக் கூடாது. பிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கு.

அக்கா: அப்ப எதுக்கு என் செல்லுக்குக் கூப்பிட்ட? அவசர நம்பர் உனக்குத் தெரியாதா?

ஏழு: அந்த நம்பருக்குக் கூப்பிட்டா பதிவாயிடும். பதிவானா வண்டி அனுப்பியே ஆகணும்.

அக்கா: ஆமா, அதுக்குத்தானே சம்பளம் வாங்கறோம்.

ஏழு: போன மாசமும் அப்படித்தானே வந்துச்சு. சைரன் போட்டு, தெருவே வாசல்ல நின்னு பார்த்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரத்தம் நின்னுபோச்சு. ரெண்டு நாள் படுக்க வச்சு, போயிட்டு வாம்மான்னு அனுப்பிட்டாங்க.

அக்கா: நின்னது நல்லதுதானே. அதுக்கு வருத்தப்படற ஒரே ஆளு நீதான்.

ஏழு: அன்னைக்கு நெஞ்சுவலின்னு ஒருத்தர் கூப்பிட்டிருக்கார். எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. பக்கத்துல இருந்த வண்டியில நான் போய்க்கிட்டிருந்தேன். அவருக்குத் தூரத்துல இருந்து வரவேண்டியதாப் போச்சு. பதினெட்டு நிமிஷம்.

அக்கா: உனக்கு யாரு சொன்னது?

ஏழு: சாமான் எடுக்க வந்தேன்ல, அன்னைக்குப் பதிவைத் திறந்து பார்த்தேன்.

அக்கா: எல்லாரும் லீவு போட்டா சினிமா பாப்பாங்க. இவ பதிவேட்டைப் பார்த்திருக்கா.

ஏழு: அவரு...

அக்கா: நல்லா இருக்காரு. மறுவாரமே கூப்பிட்டு, வண்டியில விட்ட செருப்பு எங்கன்னு என்கிட்டச் சண்டை போட்டாரு. அதுவும் புதுச் செருப்பாம்.

ஏழு: நல்லவேளை. ஆனா பதினெட்டு நிமிஷம் பதினெட்டு நிமிஷம்தானேக்கா. அவருக்கு ஒண்ணும் ஆகலங்கறதால அது குறைஞ்சுடுமா?

அக்கா: அதனால இன்னைக்கு நீ படுத்த இடத்துல இருந்தே வண்டியைப் பங்கு போடற. ஆறு வெளியில, ரெண்டு நிக்குது, நமக்கு எதுக்குன்னு.

ஏழு: அப்படி இல்ல...

அக்கா: அப்படித்தான். வேற பொம்பளையா இருந்தா முதல் சொட்டுலயே தெருவைக் கூட்டியிருப்பா. உனக்குத்தான் இந்த வியாதி. கேளு ஏழு, யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்கறது மேசையில உக்காந்திருக்கறவங்க பாக்கற வேலை. படுத்திருக்கறவங்க பாக்கற வேலை இல்ல.

ஏழு: இது நின்னுடும்க்கா. இன்னும் கால் மணி நேரம் பாக்கலாம்.

அக்கா: பாரு, பாரு. அதுக்குள்ள வண்டி வந்துடும்.

ஏழு: ...டீ வரலையா?

அக்கா: டீயும் வரல, ஒண்ணும் வரல. எத்தனை வண்டின்னு நீ கேட்டதுமே நாலாம் வண்டியைக் கிளப்பிட்டேன்.

ஏழு: நான் கேக்கலையே.

அக்கா: கேக்கத் தெரியாதவங்களுக்கும் அனுப்பறதுதான். இரு, ஓட்டுநர் கூப்பிடறார். உன்னையும் லைன்ல சேர்த்துப் போடறேன்.

ஓட்டுநர்: கன்ட்ரோல், நாலாம் வண்டி. ரயில்வே கேட்டை மூடிட்டான். சரக்கு வண்டி போய்க்கிட்டே இருக்கு, வாலைக் காணோம். எனக்கு முன்னாடி அஞ்சு கார்.

அக்கா: சுத்தி வர முடியுமா?

ஓட்டுநர்: பாலத்துப் பக்கம் போனா பன்னண்டு நிமிஷம் கூடும்.

ஏழு: பாலம் வேணாம். பின்னாடி எடுத்து, மர டிப்போவை ஒட்டி ஒரு சந்து இருக்கும். அதுல போனா சுரங்கப்பாதை.

ஓட்டுநர்: அது உயரம் பத்தாதே. வண்டி இடிக்கும்.

ஏழு: பழைய சுரங்கப்பாதைதான் பத்தாது. அதுக்கு அடுத்தது புதுசு. போன வருஷம் ரெண்டாம் வண்டி போயிருக்கு. தாராளமாப் போகும். வெளிய வந்ததும் வலது பக்கம், தண்ணித் தொட்டி, அதுக்கு நாலாவது வீடு.

ஓட்டுநர்: இந்தக் குரல்... ஏழா? வேலைக்கு வந்துட்டியா தங்கச்சி? சொல்லவே இல்ல. குழந்தை பொறந்துடுச்சா?

ஏழு: இல்லண்ணே.

ஓட்டுநர்: அப்புறம் எதுக்கு இந்த வயித்தோட வந்து உக்காந்திருக்க? இவங்களுக்கு வேற ஆளே கிடைக்கலயா?

ஏழு: நான் கன்ட்ரோல்ல இல்லண்ணே. நீங்க வர்றது எங்க வீட்டுக்குத்தான்.

அக்கா: நாலாம் வண்டி, கேக்குதா?

ஓட்டுநர்: கேக்குது. சந்துல திரும்பிட்டேன். ஆறு நிமிஷம். அஞ்சு.

ஏழு: மெதுவாவே வாங்கண்ணே. அங்க பள்ளிக்கூடம் இருக்கு.

ஓட்டுநர்: நீ சும்மா படும்மா.

அக்கா: ஏழு, இப்ப நான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாகணும். அங்க என்ன கேப்பாங்கன்னு உனக்கே தெரியும்.

ஏழு: தெரியும்.

அக்கா: தெரிஞ்சாலும் கேக்கறேன். சொட்டு, துணி நனையுது, நிக்காம வருது. மூணுல எது? சொட்டுன்னு சொன்னா ஒரு படுக்கை போட்டு வைப்பாங்க. நீ போய்ச் சேர்ந்து, அவங்க பார்த்து, அப்புறம்தான் ரத்தம் கேட்டனுப்புவாங்க. மூணாவதுன்னா, நீ இறங்கும்போதே ரத்தமும் தியேட்டரும் தயாரா இருக்கும். நான் பாட்டுக்கு ஏதாவது எழுதக் கூடாது. நீ சொல்றதைத்தான் எழுதணும்.

ஏழு: தியேட்டரைத் தயார் பண்ணினா இன்னைக்கே குழந்தையை எடுத்துடுவாங்க.

அக்கா: எடுக்கணும்னா எடுப்பாங்க.

ஏழு: முப்பத்திமூணுதான்க்கா ஆகுது. நாலு வாரம் பாக்கி இருக்கு. உள்ள இருக்கறதுக்கு இன்னும் மூச்சு விடவே சரியாத் தெரியாது.

அக்கா: அதுக்கு அங்க ஆள் இருக்காங்க, மெஷின் இருக்கு.

ஏழு: நான் ஒரு வார்த்தை சொன்னா அந்த நாலு வாரமும் போயிடும்.

அக்கா: நீ சொல்லலன்னாலும்...

ஏழு: ம்.

அக்கா: நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பயந்தவங்க சொல்ற ரத்தத்தைப் பாதியா எடுத்துக்கணும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நம்ம வேலையில இருக்கறவங்க சொன்னா எத்தனை மடங்குன்னு சொல்லிக் கொடுக்கல. ஏன்னா எனக்குத் தெரியாது. நீ கூப்பிட்டதுல இருந்து உன் மூச்சைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். பேச்சு ஒண்ணு சொல்லுது, மூச்சு வேற சொல்லுது. எனக்குப் பட்டதை வச்சு அவங்களுக்குச் சொல்ல முடியாது. சொல்லு கண்ணு. மூணுல எது?

ஓட்டுநர்: கன்ட்ரோல், சுரங்கப்பாதை தாண்டிட்டேன். இடிக்கல.

அக்கா: ஏழு... எழுதிக்கட்டுமா?

ஏழு: எழுதுங்க. மூணாவது. எட்டரை மணிக்கு ஆரம்பிச்சுது, உங்களைக் கூப்பிடும்போதே ரெண்டு துண்டு நனைஞ்சு முடிஞ்சிருந்துச்சு. இப்ப நாலாவது... கட்டில்ல இல்லக்கா நான். கதவைத் திறக்க வந்தேன், திறந்துட்டேன், திரும்பிப் போக முடியல, வாசப்படிகிட்டயே படுத்திருக்கேன். வர்றவங்களைப் பார்த்து வரச் சொல்லுங்க, தரை வழுக்கும்... அசைவு இருக்கு. இப்பகூட உதைச்சுது. அதைக் கடைசியா எழுதாதீங்க அக்கா, முதல் வரியா எழுதுங்க.