ஷார்ட்டுக்கு ஏழு வார்த்தை

இல்ல தம்பி, உக்கார வரலை. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருவேன். வீட்டுல சம்சாரத்துக்கு மேலுக்கு முடியலை, சிம்மக்கல்லுக்கு வெரசாப் போகணும். அதோட, எதுத்தாப்புல வேப்பமரத்தடியில இருபத்தாறு வருசமா உக்காந்து மனு எழுதுறவன், உன் தேயிலைப் பெட்டி மேல உக்காந்துதான் ஆகணுமாக்கும்?

என்னைத் தெரியும்ல? இந்தக் கலெக்டர் கச்சேரி வாசல்ல சாம்பசிவம்னா யாருக்கும் தெரியாது, மனுப்புள்ளைன்னாத்தான் கை காட்டுவாய்ங்க. உன்னையும் எனக்குத் தெரியும். கருத்தக்கண்ணன். பரவை வீரணன் மகன். உங்கப்பன் எங்க மச்சினன் வயல்ல ஏர் ஓட்டுனவன். ஒண்ணு கேக்கணும்னா வரப்புல நின்னு அரை நாள் தலையைச் சொறிவான். அவன் மகன் நாலே வரியில மனு எழுதிக் குடுக்குறான். பசுமலை மிசன் பள்ளிக்கூடத்துல போயி படிச்ச படிப்பு அம்புட்டுத்தான் போல.

கோவிச்சுக்காத. உள்ளதைச் சொல்றேன். நீ எழுதுனதை விருமாண்டி கொண்டாந்து காட்டுனான். எங்கிட்ட முதல்ல வந்தவன்தான் அவன். ஏழு பக்கம் எழுதிக் குடுத்தேன், பத்து மாசமா பதில் இல்லைன்னு உங்கிட்ட ஓடிட்டான். நீ என்ன எழுதியிருக்கே? ஐயா, என் பேரு விருமாண்டி, முப்பது வருசமா குடியிருக்கிற எடத்துக்குப் பட்டா வேணும், வரி கட்டுன ரசீது இத்தோட இருக்கு. முடிஞ்சுபோச்சு! இது மனுவா, துணியில வண்ணான் போடுற குறியா?

என்னது? ஆமா, பட்டா வந்துச்சு. ஒரே மாசத்துல வந்துச்சு. அன்னைக்குத் தொரைக்கு என்னமோ மனசு நல்லா இருந்திருக்கு. அதுக்காக அது மனு ஆயிருமா?

மனுன்னா எப்படி ஆரம்பிக்கணும் தெரியுமா? முதல் பக்கம் சக்கரவர்த்தி சொகமா, அவுக வீட்டம்மா சொகமா, பிள்ளைக சொகமான்னு கேக்கணும். சண்டை நடக்குற காலம், அவுகளுக்கு ஜெயம் உண்டாகணும்னும் போடணும். அடுத்தது தொரையோட நீதி. இவரு வந்த பெறகுதான் வைகையில தண்ணியே வருதுன்னு எழுதணும். வரலைன்னாலும் எழுதணும். அப்புறம் மனுக்காரனோட பாட்டன் முப்பாட்டன். என்ன வேணுங்கிறது கடைசியில, ஒரு ஓரமா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வரணும். பெரிய மனுசன் வீட்டுக்குப் போறே. நடையில கால் வச்சதுமே எனக்கு இன்னது குடுன்னு கேப்பியா? மழை தண்ணி எப்படி, மாடு கன்னு எப்படின்னு விசாரிச்சு, குடுத்த மோரைக் குடிச்சுட்டு, எந்திரிச்சு செருப்பு மாட்டுறப்பத்தானே, வந்த விசயம் ஒண்ணு இருக்குன்னு இழுக்கணும்? அதுக்குப் பேரு மரியாதை. அது இல்லாதவனுக்குத்தான் நாலு வரி போதும்.

எனக்குச் சுருக்கமா எழுதத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டயா? காலேஜுல எப்.ஏ. வரைக்கும் படிச்சவன்யா. ஒரு பேப்பருல தவறிப்போச்சு, அது வேற கதை. சுருக்கத்துக்கு இங்கிலீசுல உனக்கு எத்தனை வார்த்தை தெரியும், சொல்லு. ஷார்ட்டு. தெரியும், அதைத்தான் சொல்லுவே. அது தெருவுல கெடக்குற வார்த்தைப்பா. ஆளு குட்டைன்னாலும் ஷார்ட்டு, கோட்டு குட்டைன்னாலும் ஷார்ட்டு, ரேசன் கடையில அரிசி பத்தலைன்னாலும் ஷார்ட்டு. பிரீப்புன்னு ஒண்ணு இருக்கு. அது பேச்சுக்கும் நேரத்துக்கும். குட்டையா இருக்கிறவனைப் பாத்துப் பிரீப்பு மனுசன்னு சொன்னா வெள்ளைக்காரன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பான். கன்சைஸ்ங்கிறது எழுத்துக்கு. சின்னதா இருக்கும், ஆனா ஒண்ணும் விட்டுப்போயிருக்காது. கர்ட்டுன்னா அதுல அவமரியாதையும் சேந்துரும், மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துற மாதிரி. நீ எழுதுறே பாரு, அது கர்ட்டு. இன்னும் டெர்ஸ் இருக்கு, சக்ஸிங்ட் இருக்கு, லக்கானிக்குன்னு ஒண்ணு இருக்கு. உங்க வாத்தியார்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஏழு வார்த்தை, எதை எங்க வைக்கணும்னு எனக்கு அத்துபடி. ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டுக் கடை விரிக்க வந்துட்டாய்ங்க.

இதுவா? இது ஒண்ணுமில்ல, நம்ம மனுதான். ஊருக்கெல்லாம் எழுதுனவன் எனக்காக எழுதுனது. திரும்பி வந்துருச்சு. மூணாந்தடவை. மேல செவப்பு மசியில என்னமோ கிறுக்கியிருக்கார் பாரு. பி பிரீப். சுருக்கமா எழுதணுமாம். மூணு தடவையும் இதேதான். நானும் குறைச்சுத்தான் பாத்தேன். பதினாலு பக்கம் பன்னெண்டாச்சு, இப்பப் பதினொண்ணு. இதுலகூட, நான் சொல்ல வாரதைச் சுருக்கமாவே சொல்லிடுறேன்னு சொல்றதுக்கே ஒண்ணரைப் பக்கம் ஓடிருச்சு. ஏழு வார்த்தையும் போட்டேன்ல.

சிரிக்காத. அந்தத் தொரைக்கு இங்கிலீசு வராது. வெள்ளைக்காரன்தான், அதனால? உன்னை மாதிரி ஆளுக எழுதுறதைப் படிச்சுப் படிச்சுக் கெட்டுப்போயிட்டார்.

என்ன வேணும்னு கேட்டா? அதான் மனுவுல இருக்கே. படிச்சுக்க. அங்க இல்ல, அது எங்க பாட்டனாரு தண்ணிப்பந்தல் வச்ச கதை. ஒம்பதாம் பக்கம் புரட்டு. ம், அந்தப் பத்தியில நடுவுல பாரு. மனுதாரனின் தர்மபத்தினியின் தேக ஆரோக்கியமானது விரும்பத்தகுந்த நிலையில் இல்லாதிருப்பதை முன்னிட்டுன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீசுல வச்சிருக்கேன். எப்படி இருக்கு?

புரியலையா? வாயால சொல்லணுமா? அதுவும் ஒரே வரியிலயா? நீயும் அந்தத் தொரை மாதிரியே கேக்குறியேப்பா.

மகன் மீனாட்சிசுந்தரம் ஜெயில்ல இருக்கான். போன ஆகஸ்டு காங்கிரசு கலாட்டாவுல தந்திக் கம்பியை அறுக்கப் போனான், அறிவுகெட்ட பய. அவன் அவுக கம்பியை அறுக்குறான், நான் அவுக குடும்பத்தைச் சொகம் விசாரிக்கிறேன். அவ, சாவித்ரி, எட்டு மாசமாப் படுக்கை. வயித்துல கட்டி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நேத்துலேருந்து தண்ணி எறங்கலை. வாசல்ல யாரு செருப்பைக் கழட்டுனாலும் சுந்தரமாங்கிறா. பயலை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரெண்டு போலீசோட வேணும்னாலும் வீட்டுக்கு விடணும். அம்புட்டுத்தான் தம்பி.

எழுது. நான் நிக்கிறேன்.

அதுக்குள்ள முடிஞ்சுருச்சா? குடு பாப்போம். ஒரு மோஸ்ட் ஹம்ப்ளி இல்ல, சக்கரவர்த்தி இல்ல, சாம்பசிவம் யாரு எவருன்னு இல்ல. கஞ்சப்பய கை உன் கை. முதல் வரி என்ன போட்டிருக்கே? மை வைப் இஸ் டையிங்.

இல்ல, இல்ல. அந்த வரியை அடிக்காத. தப்பாச் சொல்லலை. அப்படியே இருக்கட்டும். அந்த வார்த்தையை நான் பதினாலு பக்கத்துல எழுதலை, பன்னெண்டுல எழுதலை, இதுலயும் எழுதலை. எழுதிட்டா நடந்துருமோன்னு பயமா இருந்துச்சுப்பா.

கையெழுத்து எங்க போடணும்?