சோலைராஜ் கையில் வந்த கொப்புளம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் உக்கிரபாண்டி அவர்களே, ராஜபாளையத்துப் பெரியவர்களே, தேவதானத்திலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மக்களே, முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் தங்கச்சி இருளம்மாளே, அவளுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்னைக் கம்பெனித் தம்பி கௌதம்ராஜே, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எதையும் கேட்காமல் படுத்திருக்கும் என் சோலைராஜே! வணக்கம்.

நான் தங்கச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குச் சக்கரத்தில் கட்டை போடுகிறவன். அந்தப் பெரிய தேர் திரும்புவதும் நிற்பதும் நாங்கள் போடுகிற கட்டையில்தான். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது குறைவு. மீதியை நானே படித்துக்கொண்டேன். என்னைக் கடைசி ஆளாகப் பேச வைத்ததோடு, 'சுருக்கமாக' என்று துண்டுச்சீட்டு வேறு கொடுத்திருக்கிறார்கள். சுருக்கமாகப் பேச மாட்டேன். ஏனென்றால் என் பேச்சு முடிந்ததும் சோலைராஜைக் கம்பெனி வேனில் ஏற்றிவிடப் போகிறார்களாம்! தலைவரே ஒத்துக்கொண்டுவிட்டாராம்! என்னோடு பஸ்ஸில் வந்த நாலு பேர் சாக்குமூட்டையோடு வெளியிலேயே நிற்கிறார்கள். "உள்ள வாங்கலே" என்றால், "எங்களுக்கு வெளிய வேல கெடக்கு" என்கிறார்கள். அது கிடக்கட்டும்.

முதலில் இந்தப் பிளக்ஸைப் பற்றிக் கேட்கிறேன். இது யார் படம்? சென்னையில் மாடிக்கு மாடி பறந்து ஆளைத் தூக்குகிறாரே, ககனவீரன், அவர் படம்! அவருடைய உயிரணுவை எடுத்து ஒரு கம்பெனி நகல் செய்தது. நகலில் பழுது விழுந்தது. அந்தப் பழுதான நகல்தான் நம் சோலைராஜ். அதற்காக அசலின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதுவதா? பிளக்ஸ் கடைக்காரர் சொல்கிறார், "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதான அண்ணாச்சி!" ஒரே மூஞ்சியா? இந்தப் படத்தில் இருப்பவர் பல் தெரியச் சிரிக்கிறார். நம் ஆள் போட்டோ எடுக்கும்போது ஒருநாளாவது கண்ணைத் திறந்திருக்கிறானா?

'அவன்' என்று சொல்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். 'அவர்' என்று சொன்னால் ககனவீரன் வந்துவிட்டார் என்று நினைத்து அவனே எழுந்து நின்றுவிடுவான். அப்படி வளர்ந்தவன்.

அவன் நம் ஊருக்கு எப்படி வந்தான்? ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளத்தில், உடைசல் சாமான்களோடு லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். எழுந்து நடந்து ராஜபாளையம் வந்து, இருளம்மாள் டீக்கடை முன்னால் நின்றான்.

"பேரென்னலே?"

"மாதிரி ஏழு."

"அதெல்லாம் ஒரு பேரா? பேரில்லாதவனுக்கு என் கடையில டீ கெடையாது. சோலைராஜ்னு வச்சுக்கோ. மகன் பொறந்தா வைக்கணும்னு வச்சிருந்தேன். மூணும் பொட்டப்புள்ளையாப் போச்சு. பேரு சும்மாதான் கெடக்கு."

அன்றிலிருந்து அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான். ஒரு மனிதனுக்குப் பெயர் கிடைத்த கதையை இவ்வளவு சிக்கனமாக வேறு எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

அவன் பழுதுகளை மறைக்க மாட்டேன். அசல் கண்ணால் இரும்பை உருக்குவார். இவன் கண்ணால் டீயைச் சூடாக்குவான், அதுவும் ஆறிப்போன டீயை. அசல் மேகத்துக்கு மேலே பறப்பார். இவன் முழங்கால் உயரம்தான் பறப்பான், அதிலும் இடதுபக்கம் சாய்ந்துகொண்டே போவான். முழங்கால் உயரம் என்பது ராஜபாளையம் நாய்களுக்கு எவ்வளவு வசதியான உயரம்! ஆட்டோக்காரர்கள் கத்துவார்கள், "ஏலே, ஒண்ணு மேல போ, இல்ல எறங்கி நட!"

பலம் மட்டும் அசலுடைய பலம். காதும் அப்படித்தான். எங்கே யார் கத்தினாலும் கேட்டுவிடும். எதற்குக் கத்துகிறார்கள் என்பதுதான் விளங்காது. தேவதானத்தில் கபடி நடந்தது. "விடாத, பிடி பிடி!" என்ற சத்தம் கேட்டு ஓடி, இரண்டு அணியையும் இரண்டு கையில் அள்ளித் தனித்தனியாக உட்கார வைத்தான். செட்டியார்பட்டியில் கல்யாணப் பெண் தாய் வீட்டை விட்டுப் போகும்போது அழுதாள். காரோடு சேர்த்து மாப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து அந்தப் பையன் கெஞ்சுகிறான், "எறக்கி விடுங்கண்ணே, நல்ல நேரம் போவுது!"

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. தேர் விஷயம் அப்படிப் போகவில்லை.

அவன் பார்த்த முதல் ஆடிப்பூரம். முன்னால் ஊரே கத்திக்கொண்டு வருகிறது. பின்னால் மலைபோல ஒன்று அவர்களைத் துரத்துகிறது. வடத்தை அவன் கவனிக்கவே இல்லை. கூட்டத்துக்குள் பாய்ந்து, தேருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் ஊன்றினான். தேர் நின்றது! ஊர் இழுக்கிறது, அசையவில்லை. எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள்.

"தங்கச்சாமி, கட்டைய எடுய்யா!"

"நான் கட்டையே போடலையே!"

யார் நம்பினார்கள்? இன்றைக்கும் ரதவீதியில் என்னைத் 'தேர நிறுத்துன தங்கச்சாமி' என்றுதான் சொல்கிறார்கள். விளக்கம் எழுதி எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன். யாரும் திருத்தவில்லை.

முன்னால் போய்ப் பார்த்தால், இவன் வேர்த்து விறுவிறுத்துச் சிரிக்கிறான். "எல்லாரையும் காப்பாத்திட்டேன் அண்ணாச்சி!" கன்னத்தில் ஒன்று விட்டேன். அதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. வீங்கியது என் கைதான்.

விஷயம் விளங்கியதும் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான். "ககனவீரனா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பாரா அண்ணாச்சி?" நான் சொன்னேன்: "அவரு என்ன செய்வாருங்கிறது எங்களுக்கு வேண்டாம். நீ என்ன செய்யப்போற, அதச் சொல்லு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் வந்தான். "ஒரே ஒரு தடவ வடத்தப் பிடிக்க விடுங்க." நான் விடவில்லை. "நீ ஒருத்தன் இழுத்தா தேரு ஒரே மூச்சுல நிலைக்குப் போயிரும். பொறவு ஊரு எதுக்குலே?" மோர்ப்பந்தலில் போய் நிற்பான். ஊர் கத்தும். காதில் அத்தனையும் விழும். மோர்ச் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பான். செம்புகள் நசுங்கிப்போகும். தேரை நிறுத்தியதைவிட அப்படி நின்றதுதான் பெரிய பலம் என்பேன். மறுக்கிறவர்கள் எழுந்து பேசுங்கள்!

இந்த வருடம் வந்தான். பறந்து வரவில்லை. செருப்புப் போட்டு, நடந்து வந்தான். மெலிந்திருந்தான்.

"அம்புட்டுப் பலமும் போச்சு அண்ணாச்சி. டீ கூடச் சூடாக மாட்டேங்கு. அம்மாட்ட சொல்லிராதீங்க."

"அப்ப இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்க? போய் வடத்தப் பிடிலே!"

பிடித்தான். இருளம்மாளுக்குப் பின்னால், ஆயிரம் பேரில் ஒருவனாக, கால் வழுக்கி, மூச்சு வாங்கி இழுத்தான். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஓட்டமாக ஓடிவந்து உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே விரித்தான்.

"அண்ணாச்சி, கொப்புளம்! இங்க பாருங்க, எனக்கும் கொப்புளம்!"

இருளம்மாளிடம் காட்டினான். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் காட்டினான். வளையல் கடைப் பெண்ணிடம் காட்டினான். நானும் வருஷம் தவறாமல் கையைப் புண்ணாக்கிக்கொள்கிறவன்தான். ஒரு கொப்புளத்துக்கு இப்படிச் சந்தோஷப்பட்டவனை நான் கண்டதில்லை.

அடுத்த வாரம் ஊரில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல் அவனுக்கும் வந்தது. எல்லோரும் எழுந்தோம். அவன் எழவில்லை.

கௌதம்ராஜ் தம்பி சொல்கிறார், அது காய்ச்சல் இல்லையாம், காலாவதியாம்! இது என்ன மாத்திரை அட்டையா? உடம்பு கம்பெனிச் சொத்தாம். அறுத்துப் பார்த்தால் அடுத்ததைப் பழுதில்லாமல் செய்துவிடலாமாம். "மண்ணுல வைக்கவாவது விடுய்யா" என்று இருளம்மாள் கேட்டதற்கு, கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினாராம். தம்பி, எந்தப் பழுதைச் சரிசெய்யப் போகிறீர்கள்? யார் கத்தினாலும் எழுந்து ஓடுகிறானே, அதையா? தப்பு என்று தெரிந்ததும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுகிறானே, அதையா?

இந்தப் பெட்டிக்குள் இருக்கும் வலது கையைப் பாருங்கள். கொப்புளம் இன்னும் ஆறவில்லை. உங்கள் ககனவீரன் கையில் இப்படி ஒன்று இருக்கிறதா? இல்லை என்றால் இது அவருடைய நகல் இல்லை. இது சோலைராஜ். எங்கள் ஊர் ஆள். வடம் பிடித்த சோலைராஜ்! பிளக்ஸிலும் கல்லறையிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். எங்கே யார் கத்தினாலும் இனி நாங்கள் ஓடுவோம். எதற்குக் கத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு ஓடுவோம். இது என் உறுதிமொழி. உங்களுடையதும் இதுதான், நான் கேட்கப்போவதில்லை.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? வேனை எடுக்கவா? போய்ப் பாருங்கள். சாக்கில் கொண்டுவந்த கட்டையை நாலு சக்கரத்துக்கும் போட்டாயிற்று. இவ்வளவு நேரம் நான் எதற்குப் பேசினேன் என்று நினைத்தீர்கள்? எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன். ஆனால் எனக்கு முட்டிவலி, குனிய நேரமாகும்.

தேரை நிறுத்தியவன் நான் இல்லை. அதைக் கடைசியாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வேனை நிறுத்தியவன் நான்தான். அதைத் தாராளமாக ஊரெல்லாம் சொல்லுங்கள்.

தலைவரே, நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். இருளம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வா. பெட்டி கனம்தான். ஆளுக்கு ஒரு கை பிடியுங்கள்.