தரை நல்லா இருக்கிற சுஷிக் கடை

தம்பி: குதிகால் ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்கு, அக்கா. இந்தக் கட்டைச் சுவர்ல கொஞ்சம் உக்காரலாமா?

அக்கா: நாள் பூரா முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டுறவனுக்குக் குதிகால் வலிக்குதாம். எட்டு மணி நேரம் லாண்டரியில ஆவி இஸ்திரிப்பெட்டி முன்னாடி நிக்கிறவ நான்... நான்ல சொல்லணும்.

தம்பி: முட்டி போட்டே பழகினவனுக்கு நடந்தாத்தான் வலிக்கும்.

அக்கா: அப்ப நடக்காத. அஞ்சாவது ஞாயித்துக்கிழமைடா இது. நல்ல சுஷி, கையைக் கடிக்காத விலை... ஊர் ஓரத்துல அப்படி ஒரு கடை கிடைச்சதும் ஏதோ சொல்றேன்னியே. கடையும் கிடைக்கல, நீயும் வாயைத் திறக்கல.

தம்பி: சரியான கடை அமையணும்ல...

அக்கா: நாலும் எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு. நீதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நொட்டை சொன்ன.

தம்பி: பஸ் டெப்போ கடையா? டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துக் கிடந்துச்சு. இடுக்குல மீன் தண்ணி ஊறிப்போன கடையில எதைத் தின்னாலும்...

அக்கா: செருப்புக் கடை மாடி?

தம்பி: விலை.

அக்கா: அது சரி. எட்டுத் துண்டுக்கு என் ஒரு நாள் கூலியைக் கேட்டான். பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடை?

தம்பி: சோறு விறைச்சிருக்குன்னு நீயே சொன்ன.

அக்கா: நான் எங்க சொன்னேன்? ஆவியில வெந்த விரலுடா இது. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. நீ சொன்ன, நான் தலையாட்டினேன்.

தம்பி: மழை விட்டதும் தெருவைப் பாரேன்... கடை போர்டெல்லாம் தரையில மிதக்குது. நாமதான் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி...

அக்கா: பேச்சை மாத்தாத... ம். மிதக்கத்தான் செய்யுது. அந்தச் சிவப்பு எழுத்து என் கால்கிட்ட வந்து வந்து போகுது.

தம்பி: கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம்.

அக்கா: நேத்து கனவுல உன் வாடகைக்காரி வந்தாடா.

தம்பி: யாரு, உன் கிட்னியா?

அக்கா: வேற எவ? உனக்குக் குடுத்து ரெண்டு வருஷமாச்சு, இப்பத்தான் கனவுல வர்றா. அச்சு அசல் என் மூஞ்சி. ஈரத் தலையோட வாசல்ல நிக்கிறா. உள்ள வாடின்னா வரவே மாட்டேங்குறா.

தம்பி: வாசல்லேயேவா நிக்கிறா?

அக்கா: ஆமா. ஏண்டா?

தம்பி: ஒண்ணுமில்ல. அதோ, சுஷிக் கடை வாசல்ல நீலத் திரை தொங்குது பாரு. அங்க பாக்கலாம், எந்திரி.

கடைக்காரர்: வாங்க, ரெண்டு பேரா? கத்திக்கு எதிர்லயே உக்காருங்க, வேடிக்கை பாக்கலாம். நாலு மணி வரைக்கும் எல்லாம் பாதி விலை... தம்பி என்ன குனிஞ்சு தேடுறார்? ஏதாவது விழுந்துச்சா?

அக்கா: அவன் மீனைப் பாக்க மாட்டான். தரையைத்தான் பாப்பான்.

தம்பி: இது யாரு ஒட்டினது?

கடைக்காரர்: ஏன், குறையா?

தம்பி: இல்லண்ணே. தண்ணி ஓடுறதுக்கு நல்லா வாட்டம் பிடிச்சிருக்கான். ஒரு சொட்டு நிக்காது. இடுக்கெல்லாம் வெள்ளையா இருக்கு.

அக்கா: அப்ப கடை கிடைச்சாச்சு.

தம்பி: ...கிடைச்சாச்சு.

கடைக்காரர்: என்ன வெட்டட்டும்?

அக்கா: எனக்கு எட்டுத் துண்டு. இவனுக்கு முட்டை வெச்சது. பச்சை மீன் ஆகாது இவனுக்கு. என் கிட்னியை உடம்பு வெளிய தள்ளாம இருக்க மாத்திரை சாப்பிடுறான், கிருமி கிட்ட வரக் கூடாது.

தம்பி: எனக்கும் மீனே வெட்டுங்கண்ணே.

அக்கா: விளையாடாத.

கடைக்காரர்: நான் அக்காவுக்கு முதல்ல வெட்டுறேன். நீங்க பேசி முடிங்க.

அக்கா: எவ்வளவு மெதுவா அறுக்கிறார் பாரு... தூங்குற பிள்ளை மேலேர்ந்து போர்வையை எடுக்கிற மாதிரி.

தம்பி: ம்...

அக்கா: கண்ணு சொக்குது எனக்கு.

கடைக்காரர்: இந்தாங்க. சோறு ஆறுறதுக்குள்ள சாப்பிடணும்.

அக்கா: டேய், அது என் தட்டு. மீனை வை கீழ... வைன்னு சொல்றேன்ல.

தம்பி: ஒண்ணே ஒண்ணு.

அக்கா: இரு. அந்தக் குச்சியை அப்படியே பிடி.

தம்பி: ஏன்?

அக்கா: நடுங்கவே இல்லையேடா. ரெண்டு வருஷமா டீ கிளாஸை எடுத்தா பாதி சட்டையிலதான் போகும். மாத்திரை அப்படித்தான் பண்ணும்னு டாக்டரே சொன்னார்.

தம்பி: நீ சாப்பிடு முதல்ல...

அக்கா: எத்தனை நாளா நடுங்கல?

தம்பி: சோறு ஆறிப்போகும், அக்கா.

அக்கா: ஆறட்டும். எனக்குப் பச்சை மீன் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல.

தம்பி: அப்ப இத்தனை வாரமா...

அக்கா: மெல்லாம முழுங்கினேன். வீட்டுல என் மூஞ்சியைப் பாத்து நீ பேசி மாசக் கணக்காச்சு. வெளிய வந்தாலாவது சொல்லுவேன்னு பின்னாடியே வந்தேன். சொல்லுடா.

தம்பி: கை நடுங்கி டைல்ஸ் கோடு வளைஞ்சுது, அக்கா. நான் ஒட்டின தரையை மேஸ்திரி ரெண்டு தடவை உடைச்சுப் போட்டார், எல்லார் முன்னாடியும். ராத்திரி மாத்திரையை நிறுத்திப் பாத்தேன்... கை நின்னுச்சு, கோடு நேராச்சு. அப்புறம் உன் கிட்னியும் நின்னுபோச்சு. மிச்ச மாத்திரையை டாக்டரே வேண்டாம்னுட்டார். நாளன்னைக்குத் திரும்ப டயாலிசிஸ் மெஷின்ல படுக்கணும். நோய் பண்ணல, நான்தான் பண்ணேன். உனக்கு நான் ஒரு கிட்னி பாக்கி, அக்கா.