மட்டமாக வழித்த சுண்டு

அரிசி மூட்டையை இடது தோளில்தான் ஏற்ற வேண்டும், சேர். வலது கை பூட்டுத் திறப்புக்கு வேண்டும். பதினான்கு வயதில் கிளிநொச்சி ஆலையில் இதைப் பழகினேன். பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக் களஞ்சியத்துக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். கையெழுத்தில்லாமல் ஒரு மணி அரிசி வெளியே போனதில்லை.

கிருஷ்ணமூர்த்தி போன வருடம் லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டில் அறை எடுத்தார். படித்த மனிதர். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு தீவு ராச்சியம் கப்பலில் அரிசி இறக்கிய கதையை எழுதிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் ஆவணக் காப்பகம்; மாலையில் என் குசினியில் சமைத்தபடி பேச்சு.

"அண்ணை, கப்பல் வந்திருக்கு. அரிசி இறங்கியிருக்கு. பிறகும் சனம் பட்டினியில செத்திருக்கு. ஏனெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"எலி திண்டிருக்கும்."

"ஓம், ரெண்டு கால் எலி. ராசாவின்ரை முத்திரை வரேல்லையெண்டு களஞ்சியக்காரன் பூட்டி வைச்சிருக்கிறான்."

"அவன்ரை பிழை என்ன? முத்திரையில்லாமல் எப்பிடித் திறக்கிறது?"

"நீங்கள் அங்கை பிறந்திருந்தால் ராசா பட்டம் தந்திருப்பார்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். தொண்ணூற்றாறில் அவருடைய அம்மாவும் அக்கா நிர்மலாவும் இடம்பெயர்ந்து, வன்னியில் ஒரு சங்கக்கடை வாசலில் மூன்று நாள் கிடந்தார்களாம்.

"உள்ளுக்கை மூட்டை அடுக்கியிருந்ததாம். அம்மா செத்த பிறகுதான் வாய்க்கரிசிக்கெண்டு ஒரு சுண்டுப் பேணி அரிசி குடுத்தவனாம். அதையும் பெருவிரலால மட்டமா வழிச்சுத்தான் குடுத்தவனாம். முகம் மறந்துபோச்சு, அந்த விரலை மறக்கமாட்டன் எண்டுறா அக்கா. வாற கிழமை கனடாவிலயிருந்து வாறா. இஞ்சைதான் நிப்பா."

அந்தச் சுண்டு அரிசி என் சொந்தப் பங்கிலிருந்து நான் கொடுத்தது, சேர். அதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அக்கா வருவதற்கு இரண்டு நாள் முன், மதியம், கிருஷ்ணமூர்த்தி தன் திறப்பை உள்ளே விட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஆஸ்துமா இழுப்புத் தொடங்கியது. மருந்துப் பம்ப் அறைக்குள். மாற்றுத் திறப்பு என்னிடம்.

"அண்ணை, கெதியா திறவுங்கோ."

உள்ளே அவருடைய காகிதங்கள் இருந்தன. எழுத்தில் கேட்காமல் அறையை யாருக்கும் திறக்கக்கூடாது என்று அவரேதான் சொல்லியிருந்தார். அதை நினைவுபடுத்தினேன். தாளும் பேனையும் கொடுத்தேன். அவர் விரல்களுக்குப் பேனையைப் பிடிக்க ஏலவில்லை. நான் காத்திருந்தேன். திறப்பு என் வலது கையில் இருந்தது. இருபது நிமிடம். சங்கக்கடை வாசலிலும் அந்த அம்மாவின் மூச்சு இப்படித்தான் தேய்ந்து நின்றது. இப்போதும் அரிசி களையும்போது, தண்ணீரை நிறுத்தினால் அந்த மூச்சு கேட்கிறது.

பிறகு கதவைத் திறந்தேன். பம்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்.

செத்தவீட்டில் நிர்மலா என் கையைப் பிடித்து, "தம்பியை நல்லாப் பாத்தனீங்களாம்" என்று அழுதார். வாய்க்கரிசிக்கு அரிசி கேட்டார்கள். நான்தான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். பேணியில் அள்ளி, தட்டத்தில் கொட்டுமுன் பெருவிரலால் வழித்தேன். பழக்கம். என் விரலைப் பார்த்த நிர்மலாவின் அழுகை நின்றுவிட்டது.

நிர்மலா பொலிசுக்கு வந்து உங்களிடம் சொன்னது உண்மை. தாயையும் மகனையும் சாகவிட்டது நான்தான் என்றே எழுதுங்கள். அளவில் ஒரு மணியும் குறையவில்லை என்பதையும் எழுதுங்கள். எழுதிவிட்டுத் தாளை இப்படித் தாருங்கள், சேர். கையெழுத்தில்லாமல் நான் எதையும் விடுவதில்லை.